கையில் நின்றுபோன சமாதானம்

சமாதானம் முன்பெஞ்சில் கிளம்பிவிட்டது. தொற்காள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பாதிரி அய்யர் பீடத்துப் படியிறங்கி வந்து முதல் பெஞ்சு ஓரத்தில் நின்ற அம்மாளின் கையைப் பிடித்துக் கொடுத்தார், அந்த அம்மாள் பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்தாள், ஆர்மோனியம் அடியெடுத்துக் கொடுக்க ஆண்கள் பக்கம் கொஞ்சம் முந்தியும் பெண்கள் பக்கம் கொஞ்சம் பிந்தியும் பாட ஆரம்பித்தார்கள். டவுன் கோயில்களில் எல்லாம் இப்போது நாலு பக்கமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி, இந்தச் செம்மணல் தேரிக்காட்டுச் சபையில் அது செல்லாது. மாதம் ஒரு தடவை திருவிருந்து ஞாயிறு வந்தால் பழைய முறைதான். வலது உள்ளங்கையை அடுத்தவளுடைய வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையால் மேலே பொத்தி, சமாதானம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாங்கியவள் அடுத்தவளுக்கு, பெஞ்சுக் கடைசியில் நிற்பவள் பின்பக்கம் திரும்பி அடுத்த பெஞ்சுக்கு. அப்படியே கை மாறி மாறிப் பின்னால் வரும். பெண்கள் பக்கத்தில் ஆள் இருக்கிற பெஞ்சுகளில் கடைசி பெஞ்சு, அதில் கடைசி ஆள் தொற்காள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு காலி. அதற்கும் பின்னால், வாசல் ஓரத்துப் பெஞ்சில், ஞானக்கிளி. திரும்பினால் மட்டும் போதாது. பெஞ்சை விட்டு வெளியே வந்து, காலிப் பெஞ்சுகளைத் தாண்டி, ஊர் பார்க்க நடந்து போய்க் கொடுக்க வேண்டும். போன மாதம் அவள் போகவில்லை. இந்த மாதம் போய்விட வேண்டும் என்று ராத்திரி ஜெபத்தில் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள், காலையில் பல் தேய்க்கும்போதே போகாமல் இருக்கக் காரணம் தேட ஆரம்பித்துவிட்டாள். போய்க் கொடுத்துவிட்டால் அப்புறம் இந்தப் பெஞ்சில் வயலட் மைனி பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா, இல்லை தனக்கும் பின்னால் இரண்டு பெஞ்சு காலியாகிவிடுமா என்பதுதான் பயம். சும்மா சொல்லக் கூடாது, பெரிய பயம்தான் அது.

அந்த இரண்டு பெஞ்சும் முன்னால் எல்லாம் நிறைந்துதான் இருக்கும். கைப்பிள்ளைக்காரிகள், தாமதமாக வருகிறவர்கள், பிரசங்கத்தில் கண்ணசருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் தோது. ஞானக்கிளி வந்து வாசலோரம் உட்கார்ந்த அன்றைக்கே ஒவ்வொருத்தராக முன்னால் நகர்ந்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் பேசிவைத்துச் செய்யவில்லை. முன்னால்தான் காற்றாடி நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக அந்தக் காற்றாடி அங்கேதானே சுற்றியது, அப்போது தெரியவில்லையா இந்தக் காற்று? தொற்காளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது, ஏனென்றால் அவளும் ஒரு பெஞ்சு முன்னால் நகர்ந்தவள்தான். வயலட் மைனிதான் கையைத் தட்டி, "இங்க வந்து இரி தொற்கா, அங்க என்னத்துக்கு ஒத்தையில" என்று கூப்பிட்டாள், கூப்பிட்ட மரியாதைக்காகப் போனாள். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா. இன்றைக்கு அய்யரின் பிரசங்கமும் பார்த்து வைத்தாற்போல் அதுவாகத்தான் இருந்தது. ஆண்டவர் யார் யார் வீட்டில் கை நனைத்தார், ஊர் யாரைத் தள்ளியதோ அவர்கள் வீட்டில்தானே என்று கேட்டார். சின்ன வயசு அய்யர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, குரல் நல்ல குரல். வயலட் மைனி கண்ணை மூடி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று தலையை ஆட்டினாள். பொய்க்கு ஆட்டவில்லை, கண்ணோரத்தில் நிஜமாகவே நீர் இருந்தது. பிரசங்கத்தில் வருகிற பாவி எப்போதும் வேறு ஊர்க்காரியாக, வேறு காலத்துக்காரியாக இருப்பதால் அவளுக்காக அழுவது சுலபமாக இருக்கிறது. வாசலோரம் இருக்கிறவளுக்கு அழ முடியவில்லை. அழுதால் அடுத்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். தொற்காள் பிரசங்கம் முழுக்க முன்பெஞ்சு மரத்தில் யாரோ ஆணியால் கீறிய சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் மட்டும் ஒரு சூடு, பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்கிற சூடு.

கோயிலுக்கு வா என்று கூப்பிட்டதே தொற்காள்தான், அதுதான் முள்ளாகக் குத்துகிறது. ஞானக்கிளி அவள் பாட்டுக்கு வீட்டில் கிடந்தாள். ஜெயிலில் இருந்து வந்து, தொற்காள் வீட்டுக்கு அடுத்தாற்போல் தாய் செத்துப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, கூட்டி மெழுகி, பீடி இலையை வாங்கிச் சுற்றிக்கொண்டு, யார் முகத்திலும் முழிக்காமல் இருந்தாள். ஊரில் அவளுக்கு ஞானக்கிளி என்கிற பேரே போய்விட்டது. கிணத்துக்காரி. கடையில், குழாயடியில், எல்லா இடத்திலும் கிணத்துக்காரி. இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் விழுந்தவள். பிள்ளைகள் போய்விட்டார்கள், இவளை மட்டும் கயிறு போட்டுத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய ஆட்களில் தொற்காளின் புருஷன் தங்கையாவும் ஒருத்தர். நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "ஏன் தூக்குனிய, ஏன் தூக்குனியன்னு கேட்டுக்கிட்டே இருந்தாட்டி. நான் என்ன பதில் சொல்ல" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்தக் கிணற்றுப் பக்கமே போகமாட்டார், சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போவார். இப்போது அவரும் இல்லை. தாய் கொன்றாள் என்று கோர்ட்டு சொன்னது, ஊரும் சொன்னது. தொற்காளும் அந்த நாளில் சொன்னவள்தான், மகன் பிரின்சைச் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எப்படித்தான் மனசு வந்துச்சோ பாவி மட்டைக்கு என்று. அந்தப் பிரின்ஸ் இப்போது ஓசூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணுவான், சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, வைக்கட்டுமாம்மா. நல்ல பிள்ளை. வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பான்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்துவிட்டது, சமாதானம் மூன்றாம் பெஞ்சில். யாரோ ஒருத்தி கொடுக்க மறந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அடுத்தவள் இடித்து ஞாபகப்படுத்துகிறாள். மெதுவாக வரட்டும். வராமலே போனால்கூட நல்லதுதான். என்ன நினைப்பு இது, கோயிலுக்குள் நின்றுகொண்டு. காய்ச்சல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அந்த ஐப்பசி மழையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பனைமட்டை வேலி சாய்ந்துபோனது, அதே வாரம் தொற்காளுக்கு விஷக்காய்ச்சல். ஐக்கிய சங்கத்தில் இருந்து நாலு பேர் வந்து ஜெபம் பண்ணினார்கள், ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள், காற்றோட்டமாக இருங்க என்று ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு ஜன்னலை மூட எழுந்திருக்க முடியவில்லை. மழை உள்ளே அடித்தது. ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், உரித்துக் கொடுக்க ஆளில்லை. மறுநாள் காலையில் பின்வாசல் படியில் ஒரு தூக்குவாளி, மூடித் துணி சுற்றி. திறந்தால் மிளகு ரசம், கீழே குழைந்த சோறு. அந்தப் பக்கம் பார்த்தால் சாய்ந்த வேலிக்கு அங்கே ஒரு சேலைத் தலைப்பு மறைந்தது. முதல் நாள் ரசத்தைத் தொற்காள் குடிக்கவில்லை. அவள் கையால் செய்தது என்று நினைத்ததும் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு வாளியைக் கழுவி வைத்தாள். தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் வாளி வந்தது. பசி, ஊர் நியாயத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காது, குடித்தாள். காய்ச்சல் வாய்க்கு அந்த ரசம் பட்ட இடத்தில் எல்லாம் உயிர் வந்தது. மூன்றாம் நாள் அந்தச் சேலைத் தலைப்பு மறைவதற்குள், "ஏட்டி, நில்லு. உப்பு கொஞ்சம் குறைச்சல்" என்று கத்தினாள். அதுதான் அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு. "நாளைக்குக் கூட்டிப் போடுதேன்க்கா" என்று வேலிக்கு அங்கிருந்து பதில் வந்தது.

வேலியை யாரும் திரும்பக் கட்டவில்லை. சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது வழக்கமாகிப் போனது. பின்வாசலில்தான். முன்வாசல் தெருவைப் பார்த்தது. என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, ரேஷன் அரிசியின் வாடை, கோழி அடைக்கு உட்கார்ந்தது, பீடிக்கடைக்காரன் இலையில் பாதியைச் சொத்தை என்று தள்ளுவது. பிள்ளைகளைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். ஒரே ஒரு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கையை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், "சின்னவனுக்கு இந்தக் கீரை ஆவாதுக்கா. வாயில வச்ச உடனே துப்பிருவான்" என்றாள். துப்பிவிடுவான். துப்பிவிடுவானாம். அடுத்த அறையில் அவன் இருக்கிறான், கூப்பிட்டால் வந்துவிடுவான் என்பதுபோல அவள் சொன்னாள். தொற்காள் வாய்க்கு வந்தபடி, "பிரின்சும் அப்படித்தான் துப்புவான். பருப்புப் போட்டுக் கடைஞ்சா திம்பான்" என்றாள். "அப்படியா. பருப்புப் போட்டுக் கடையணுமா" என்று ஞானக்கிளி கேட்டாள், கையில் இருந்த கீரைக் காம்பைக் கீழே வைத்தாள், அப்புறம் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி தொற்காள் தூங்கவில்லை. அந்தப் பருப்பை ஏன் சொன்னோம் என்று புரண்டுகொண்டே கிடந்தாள். ஆனால் மறுநாள் சாயங்காலம் அவள் வந்துவிட்டாள், வழக்கம்போல. அந்த வாரம்தான் தொற்காள் சொன்னாள், "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாயேன்ட்டி. திருவிருந்து." "நான் வரலாமாக்கா?" "ஏன் வரக் கூடாது, கோயில் என்ன வயலட்டு மைனி வீட்டுச் சொத்தா?" வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து பேசும்போது வீரம் எவ்வளவு வந்தது.

வந்தாள். வெள்ளைச் சேலை, தாயோடது, மடிப்பில் மஞ்சள் பாய்ந்தது. வாசலோரம் உட்கார்ந்தாள். சமாதானம் கை மாறி மாறி வந்து வயலட் மைனியிடம் இருந்து தொற்காளின் கைக்கு வந்தது, அங்கேயே நின்றுபோனது. வெளியே வந்து நடக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கையை முக்காட்டுக்குள் இழுத்தாள், வெளியே எடுத்தாள். அப்போது வயலட் மைனி சன்னமாக, உதடு அசையாமல், "போதும், உக்காரு" என்றாள். உட்கார்ந்துவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள், உள்ளே எதையோ திருடி ஒளித்துவைத்த மாதிரி இருந்தது. சமாதானத்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐம்பது வருஷத்தில் அவள் கையில் அது நின்றது அன்றைக்குத்தான். கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்தாள்? சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்றைக்கு வரமாட்டாள், இனி வரமாட்டாள், வந்தால் என்ன சொல்லப் போகிறோம். வந்தாள். தேத்தண்ணி போட்டதும் அவள்தான். ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி கூடிட்டோக்கா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் தரலை என்று ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். சீனி சரியாத்தான் இருக்கு என்றாள் தொற்காள். இந்த ஒரு மாதமாக இந்த இடத்தில் வந்துதான் நினைப்பு இடறுகிறது. சீனி கூடிட்டோக்கா.

அதற்கும் மேலே இன்னொன்று. போன வாரம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் பாயைச் சுருட்டும்போது வயலட் மைனி கேட்டாள், "தொற்கா, அந்தக் கிணத்துக்காரி உங்க வீட்டுப் பக்கம் வாராளாமே?" "யாரு மைனி? இல்லையே." "பின்வாசல்ல பார்த்ததாச் சொன்னாவ." "முட்டை கேட்டு வந்திருப்பா. எனக்கு அவகூட என்ன பேச்சு." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது, தடுக்கக்கூட நேரமில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் உறைத்தது, வேதத்தில் சீடர் ஒருத்தர் சேவல் கூவுமுன் ஆண்டவரையே தெரியாது என்று இப்படித்தான் குளிர் காய்ந்துகொண்டே சொன்னாரே என்று. நல்லவேளை, சேவல் எதுவும் கூவவில்லை, மைனி வீட்டு டிவிதான் கூவிக்கொண்டிருந்தது. மைனி கெட்டவள் இல்லை, அதுதான் சங்கடம். தங்கையா இறந்த அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தொற்காளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். ஊரில் யார் செத்தாலும் முதல் ஆளாக வந்து பாட்டை எடுத்துக் கொடுப்பாள். நாளைக்குத் தனக்கொன்று ஆகிவிட்டால்? பிரின்ஸ் ஓசூரில் இருந்து வந்து சேர ராத்திரி ஆகிவிடும். அதுவரைக்கும் வீட்டுக்குள் கிடப்பவளைக் குளிப்பாட்ட, பாட்டுப் பாட, கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூட வர நாலு பேர் வேண்டாமா? அந்த நாலு பேரும் இந்தப் பெஞ்சில்தான் நிற்கிறார்கள். இவர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது. செத்துக் கிடக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதற்காக உயிரோடு இருக்கும்போது இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

தொற்காளுக்கு நேர் முன்பெஞ்சுக்குச் சமாதானம் வந்துவிட்டது. இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு. பவுடர் வாசனை, வியர்வை வாசனை, பாட்டுப் புத்தகத்தின் பழைய தாள் வாசனை. ஒருத்தியின் வளையல் இன்னொருத்தியின் சேலையில் மாட்டிக்கொண்டது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாதா. இந்தப் பெஞ்சின் அந்தக் கோடிக்குத் திரும்பியது. ஆண்டவரே, எனக்கு மூட்டுவலி. உமக்கே தெரியும். ஆண்டவரே, நான் தனி மனுஷி. இவள் என்ன சொல்லப் போகிறாள், அவள் என்ன நினைக்கப் போகிறாள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் நீரே இந்தப் பாடுகளின் பாத்திரம் வேண்டாம் என்று கேட்டீரே, நான் கேட்கக் கூடாதா. கேட்டுவிட்டு என்ன செய்தீர் என்று மட்டும் எனக்கு ஞாபகப்படுத்தாதேயும். வயலட் மைனி திரும்பினாள். மோதிரம் போட்ட விரல்கள், எண்ணெய்ப் பசை இல்லாத சுத்தமான கை, விரல் நுனி மட்டும் பட்டும் படாமலும், "சமாதானம் தொற்கா." வந்துவிட்டது. வயலட் மைனி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டு கடைசிச் சரணத்தில் இருந்தது. தொற்காள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு வேகத்தில், முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தாள். வாசலோரத்துப் பெஞ்சில் யாரும் இல்லை.

முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. நான் திரும்பினேன், நீர் பார்த்தீர், ஆள் இல்லை, நான் என்ன செய்ய. உட்கார்ந்துவிடலாம். உட்காரப் போனாள். கைதான் உட்காரவிடவில்லை. இரண்டு கையும் குவிந்து, இடுக்கில் ஏதோ இருக்கிற மாதிரி, நெஞ்சுக்கு நேரே நின்றது. இதை என்ன செய்வது? மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதா? மறுபடியும் ஒரு மாதம் சீனி கூடிட்டோக்காவா? முடியாது. அவளால் முடியவே முடியாது. வாசலுக்கு வெளியே ஒரு வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது. தொற்காள் பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். "தொற்கா, எங்க போற?" என்று மைனியின் குரல், இந்தத் தடவை உதடு அசைந்துதான் வந்தது. முதல் காலிப் பெஞ்சு. ஆண்கள் பக்கம் யாரோ இருமினார். இரண்டாவது காலிப் பெஞ்சு. குவித்த கையை இறக்காமல் நடந்தாள், பார்க்கிறவர்களுக்குத் தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறாள் என்று தோன்றியிருக்கும். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அதைச் சரி பண்ண அவளிடம் வேறு கை இல்லை.

கோயிலுக்கு வெளியே, குழாய்க்குப் பக்கத்தில் சுவர் நிழலில், ஞானக்கிளி நின்றாள். தொற்காளைப் பார்த்ததும் பதறிப் போனாள். "என்னக்கா, மயக்கம் கியக்கம் வந்துட்டா?"

"நீ ஏன்ட்டி வெளிய வந்த?"

"சும்மாதான்க்கா."

"கேக்கேன்லா."

ஞானக்கிளி குழாயைப் பார்த்தாள். "போன மாசம் நீங்க படுத பாட்டைப் பின்னால இருந்து பாத்தேன்லாக்கா. கையை எங்க வைக்கன்னு தெரியாம. நான் இருந்தாத்தானே உங்களுக்குச் சங்கடம். அதான், இது முடியட்டும், அப்புறம் உள்ள வந்துக்கிடலாம்னு நின்னேன்."

தொற்காள் குவித்த கையை இறக்காமலே அவள் எதிரில் வந்து நின்றாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வேண்டும் என்று மாதம் முழுக்க அடுக்கி வைத்திருந்தாள், அத்தனையும் போனது. "கையை நீட்டுட்டி" என்றாள், கோபமாகத்தான் வந்தது குரல். ஞானக்கிளி சேலையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், பீடித்தூள் ஏறிக் கறுத்த விரல் நுனியை ஒரு தடவை பார்த்துவிட்டு நீட்டினாள். தொற்காள் தன் உள்ளங்கையை அதில் வைத்தாள், மேலே இடது கையால் பொத்தினாள். இந்தக் கைதானே என்று ஒரு நினைப்பு ஓடத்தான் செய்தது, பொய் இல்லை. இந்தக் கைதான் கட்டியது. இந்தக் கைதான் ரசம் வைத்தது. இரண்டும் ஒரே கைதான், ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடிக்க வழியில்லை. "சமாதானம் ஞானக்கிளி" என்றாள். ஊருக்குள் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்றோ. ஞானக்கிளி பொத்திய கைகளைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, நிஜமாகவே தெரியாமல், கேட்டாள்.

"இனி நான் யாருக்குக்கா குடுக்க?"

தொற்காள் சுற்றிப் பார்த்தாள். செருப்புகள் கிடந்தன, குழாய் சொட்டியது, மதில் ஓரத்தில் ஒரு ஆடு. வேறு ஆள் இல்லை. "வச்சுக்கிடக் கூடாது, இல்லையாக்கா?" என்றாள் ஞானக்கிளி.

"கூடாது. எனக்கே குடு."

கொடுத்தாள். சரியாகக் கொடுத்தாள், சின்ன வயதில் படித்தது மறக்கவில்லை, வலது உள்ளங்கையில் வலது உள்ளங்கை, மேலே இடது கை, விரல் நுனி இல்லை, முழுக் கையும், அழுத்தி. சொரசொரவென்று சூடாக இருந்தது. தொற்காளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கையாவை அடக்கம் பண்ணிய அன்றைக்கு ஊரே வந்து அவள் கையைப் பிடித்தது, அதற்கப்புறம் யாரும் பிடிக்கவில்லை. மாதம் ஒரு தடவை மைனியின் விரல் நுனி, அவ்வளவுதான். தள்ளி வைத்த ஒருத்தியைத் தான் சேர்த்துக்கொண்டதாக இத்தனை நாளும் மனசுக்குள் ஒரு சின்ன பெருமை வைத்திருந்தாளே, சாயங்காலம் ஆனால் சாய்ந்த வேலியைப் பார்த்துக்கொண்டு யாராவது வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தது யார்? உப்புக் குறைச்சல் என்று கத்திப் பேச்சுக்கு ஆள் பிடித்தது யார்? அழுகை வந்தது, சின்னதாக இல்லை, தோள் குலுங்க, மூக்கு ஒழுக. "அழாதிய அக்கா, உள்ள இருந்து பாக்காவ" என்றாள் ஞானக்கிளி. "பாக்கட்டும்" என்றாள் தொற்காள், அதைச் சொன்னபோதும் பயமாகத்தான் இருந்தது. உள்ளே பாட்டு முடிந்துவிட்டது. அய்யர் அடுத்த ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை.

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோருமே கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்தார்கள். தொற்காளின் இடத்தில், வயலட் மைனிக்குப் பக்கத்தில், மைனியின் கைப்பை இருந்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவாள், மைனி அப்படிப்பட்டவள்தான். தொற்காள் ஒரு நொடி அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலோரத்துப் பெஞ்சுக்குப் போய், "தள்ளி இரிட்டி" என்று சொல்லி, ஞானக்கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.